தவிட்டுக்கு வாங்கின பிள்ளை

ஹாலிஎலைக்கு மேலே இருக்கும் குயில்மலை இல்லத்தின் பதிவறைக்குள் பத்து மணிக்கும் பனி வரும். கதவைச் சாத்தினாலும் வரும், ஜன்னலைச் சாத்தினாலும் வரும். மேசையில் விரித்து வைத்த கோப்பின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் தன்பாட்டில் எழும்பிப் போகும். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. இரண்டாவது வாரம் நானும் அதற்கு இடம் விட்டு உட்காரப் பழகிவிட்டேன்.

நான் றமீலா. பதுளையில் அரசாங்க மொழிபெயர்ப்பாளராக முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். கண்ணில் பாதிப் பார்வையும் நாக்கில் முழுக் காரமும் மிச்சம் என்று என் வீட்டுக்காரர் பஸீல் சொல்வார். அந்தப் பாதிப் பார்வையை நம்பித்தான் இல்லத்தின் புதிய நிர்வாகி டொக்டர் ரஜீவ் என்னைத் தேடி வந்தார்.

ஐம்பது வருடத்துக்கு முன் இது தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளைத் திருத்துவதற்கென்று நடத்தப்பட்ட இடம். பஞ்ச காலத்தில் மாவு கிடைக்காமல் லயத்து வீடுகளில் பிள்ளைகள் சுருண்டு கிடந்தபோது, இல்லத்துக்காரர்கள் வேனில் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். வந்த அன்றே மொட்டையடித்தார்கள். வீட்டுப் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வைத்தார்கள். ஆண்பிள்ளை என்றால் ஏதாவதொரு அரசனின் பெயர், பெண்பிள்ளை என்றால் பூவின் பெயர். தமிழில் ஒரு சொல் வாயிலிருந்து விழுந்தால் அந்த வாய்க்குள் சவர்க்காரம் போட்டார்கள். இதையெல்லாம் ஒளித்துச் செய்யவில்லை. அழகான ஆங்கில எழுத்தில், தேதி போட்டு, பெருமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். வாசிக்க வாசிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மன்னிப்பு எண்டு வாயால சொன்னாக் காணாது அக்கா," என்றார் ரஜீவ். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மெதுவாகத்தான் பேசுவார். "அந்தப் பிள்ளையளின்ர பேரை அவையிட்டத் திருப்பிக் குடுக்க வேணும். முற்றத்தில ஒரு கல்லு நட்டு, அவை கொண்டுவந்த பேரை அதில வெட்டுவம். கோப்பையும் அவையின்ர கையிலயே குடுப்பம்."

என் வேலை, கோப்புகளை வாசித்துச் சொந்தப் பெயரைக் கண்டுபிடிப்பது, உரியவர் வந்தால் அவருக்கு விளங்கும் மொழியில் சொல்வது. மொத்தம் நாற்பத்தொரு பேர். நாற்பது பெயர்கள் கிடைத்துவிட்டன. கிடைக்காத ஒன்று ஐரிஸினுடையது.

ஐரிஸ் பண்டாரவளையில் கேக் செய்து விற்கிறவள். வயது ஐம்பத்து நான்கு. பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். குடையிலிருந்து சொட்டிய தண்ணீரைத் தன் கைலேஞ்சியால் தானே துடைத்த பிறகுதான் உள்ளே வந்தாள். இல்லத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் போகாது. தமிழ் அவளிடம் இல்லை. நாங்கள் சிங்களத்தில் பேசினோம்.

"கையெழுத்துத்தானே வேண்டும்? போட்டுவிட்டுப் போகிறேன். கோப்பை வாசிக்க வேண்டாம்," என்றாள்.

"ஏன்?"

"அதில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். பெரிய மேட்ரன் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சொல்வாள். என் அம்மா என்னைத் தவிட்டுக்கு விற்றவள். இரண்டு கை தவிடு. வேன் வந்தபோது இது என் பிள்ளை இல்லை என்று சொன்னவள்."

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன். என்ன செய்வது, எங்கள் வீட்டில் உம்மா கோபம் வந்தால் என்னைப் பார்த்து, "ஒன்னயத் தவிட்டுக்குத்தான் வாங்கினேன்" என்பார். நானும் என் பிள்ளைகளிடம் அதையே சொல்லியிருக்கிறேன். தமிழ் பேசும் எந்த வீட்டில்தான் சொல்லவில்லை? அந்த நினைப்பில் வந்த சிரிப்பு. எதிரே இருப்பவள் தமிழ் பறிக்கப்பட்டவள் என்பது ஒரு நொடி மறந்துவிட்டது.

ஐரிஸ் எழும்பினாள். முகம் மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தது.

"உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கிறதா?"

"இல்லை, தங்கச்சி. உட்காரு. நான் செய்தது மகா தப்பு. இரண்டு நிமிடம் உட்காரு, பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் பேசு."

அவள் உட்காரவில்லை, போகவும் இல்லை. நின்றபடியே கேட்டாள். நான் சொன்னேன்.

பிறக்கிற பிள்ளையெல்லாம் இறந்துபோகிற வீட்டில் தாய் ஒரு தந்திரம் செய்வாள். அடுத்த பிள்ளை பிறந்ததும் அதைப் பக்கத்து வீட்டுக்காரிக்கு விற்றுவிடுவாள். விலை ஒரு கை, இரண்டு கை தவிடு. ஊர் பார்க்க, சத்தமாக விற்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி சும்மா தூக்கி வைத்திருந்துவிட்டு, வளர்த்துத் தா என்று தாயிடமே திருப்பிக் கொடுப்பாள். பிள்ளை அதே வீட்டில்தான் தூங்கும், அதே பாலைத்தான் குடிக்கும். ஆனால் அன்றிலிருந்து தாய் அதை என் பிள்ளை என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது, அழகான பெயர் வைத்தும் கூப்பிடக் கூடாது. அவளுடைய பிள்ளையைத் தேடி எமன் வருவான். இங்கே என் பிள்ளை யாருமில்லை என்பாள். அவன் ஏமாந்து திரும்பிப் போவான்.

"எமனை ஏமாற்றவா?" என்றாள் ஐரிஸ்.

"எமனைத்தான். ஆனால் அன்றைக்கு வந்தது வேன்."

அவள் கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தாள். நான் கோப்பைத் திறந்தேன். முந்தின நாள்தான் அதை முழுதாக வாசித்திருந்தேன். முதல் பக்கத்தில் ஒரு வரி. நான்கு வயதுப் பெண்பிள்ளை, தெமோதரைப் பக்கத்துத் தோட்டம், கூட இருந்த பெண் தான் தாயல்ல என்கிறாள், தவிட்டுக்கு விற்கப்பட்ட பிள்ளையாம், தோட்டத்தில் அழைக்கும் பெயர் அசிங்கமானது, ஆகவே எழுதப்படவில்லை. மேட்ரன் இந்த வரியோடு நிறுத்திவிட்டுத்தான் ஐரிஸுக்குக் கதை சொல்லியிருக்கிறாள். அடுத்த பக்கங்களை நான் ஆங்கிலத்திலிருந்து சிங்களத்துக்கு மாற்றிக்கொண்டே வாசித்தேன்.

"ஞாயிறு. தோட்டத்துப் பெண் ஒருத்தி கேற்றடிக்கு வந்தாள். ஐரிஸின் தாயா என்று கேட்டதற்கு இல்லை என்றாள். பிள்ளை சாப்பிட்டதா என்று மட்டும் கேட்டாள்.

"ஞாயிறு. அதே பெண். தாயல்ல என்கிறாள். பிள்ளைக்கு இருமல் இருந்தால் துளசி கொடுக்கச் சொன்னாள். அனுப்பிவிட்டோம்.

"ஞாயிறு. அதே பெண், மழையில். தாயல்ல என்றால் ஏன் வருகிறாய் என்று கேட்டோம். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றாள்.

"ஞாயிறு. உள்ளே விட வேண்டாமென்று காவலாளியிடம் சொல்லப்பட்டது. ரோட்டில் நிற்கிறாள்."

இப்படியே ஏழு வருடம், கோப்பின் கடைசிப் பக்கம் வரை. ஏழு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள். தெமோதரையிலிருந்து இங்கே வர அந்தக் காலத்தில் எத்தனை மைல் மலை ஏறி இறங்க வேண்டும்! ஆறு நாள் கொழுந்து பறித்த கால்களுக்கு ஏழாவது நாளும் ஓய்வு இல்லை. வந்த ஒவ்வொரு முறையும் அவளிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள், அவளும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறாள். ஏன் இப்படிச் சொல்கிறாய் என்று கேட்க இந்த அறையில் ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை. பேனா பிடித்தவர்களுக்குத்தான் எவ்வளவு அவசரம்!

பனி அறைக்குள் நிரம்பியிருந்தது. அதற்குள்ளிருந்து ஐரிஸின் குரல் மட்டும் வந்தது.

"நாங்கள் அவளை ஞாயிற்றுப் பைத்தியம் என்போம். மேல்மாடி ஜன்னலில் வரிசையாக நின்று சிரிப்போம். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பேன்."

மேசைக்கு மேலாகக் கையை நீட்டினேன். அவள் பிடித்துக்கொண்டாள். பிறகு, யாருக்கோ சொல்வதுபோல, தனக்கு அடிக்கடி வரும் கனவைச் சொன்னாள். கனவில் மழை தூறுமாம், நனையவே நனையாதாம். மண்ணிறத்தில் தூள் தூளாய் விழுந்துகொண்டே இருக்குமாம். அவள் வாயைத் திறந்துகொண்டு நிற்பாளாம். யாரோ இரண்டு கையாலும் அள்ளி அள்ளி மேலே வீசுவார்களாம். முகம் தெரியாதாம்.

"உயிரோடு இருக்கிறாளா?" என்று கடைசியில் கேட்டாள்.

தெமோதரை ஸ்டேஷன் பக்கத்தில் கடை வைத்திருக்கும் என் மச்சான் றஹீமுக்கு அப்போதே போன் எடுத்தேன். கோப்பில் இருந்த தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாலிஎலைக்கு நடந்து போய் வந்த ஒரு பெண் என்றேன். றஹீம் யோசிக்கவே இல்லை.

"அங்கம்மாதானே? மேல் லயத்துல இருக்கு. முந்தா நாளும் கடைக்கு வந்து வெத்தில வாங்கிட்டுப் போனிச்சு. ஏன் மதினி, என்னா விசயம்?"

விசயத்தைப் போனில் எப்படிச் சொல்வது? நேரில் வருகிறோம் என்றேன்.

வியாழக்கிழமை காலை பதுளையிலிருந்து ரயில் ஏறினேன். ஐரிஸும் என்னோடு இருந்தாள். முதல்நாளே பண்டாரவளையிலிருந்து வந்து என் வீட்டில் தங்கியிருந்தாள். ரயில் தூங்கிக்கொண்டே போனது என்றுதான் சொல்ல வேண்டும். சவுக்கு மரங்கள் வந்தன, போயின. தேயிலைச் சரிவுகள் பனிக்குள் முழுகி, கொஞ்சம் தள்ளிப் போய் எழும்பின. தெமோதரையில் ஒரு விசித்திரம் உண்டு. பதுளைப் பக்கமிருந்து போனால், ரயில் முதலில் ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைந்து போகும். பிறகு மலையை ஒரு சுற்றுச் சுற்றி மேலே ஏறித்தான் ஸ்டேஷனுக்கு வரும். போக வேண்டிய இடம் தலைக்கு மேலே இருக்க, அதற்கு அடியால் இருட்டில் கடந்து போவோம். சுரங்கத்துக்குள் ஐரிஸ் என் கையைப் பிடித்தாள்.

"எனக்குத் தமிழில் ஒரு வசனம்தான் தெரியும்," என்று காதருகே சொன்னாள். "சவர்க்காரத்துக்கும் போகாத வசனம் அது ஒன்றுதான். வேன் வந்த அன்று அவள் சொன்னது."

அது என்னவென்று நான் கேட்கவில்லை. ரயில் வெளிச்சத்துக்கு வந்தது.

றஹீம் ஸ்டேஷனில் நின்றார். மேல் லயத்துக்கு வழி காட்டிவிட்டு, தான் வந்தால் ஆட்கள் கூடிவிடுவார்கள் என்று கடைக்குத் திரும்பிப் போனார். புத்தி உள்ள மனிதர். நாங்கள் இருவரும் படிகளில் ஏறினோம். கொழுந்து மலையில் பெண்களின் குரல்கள் கேட்டன, பெண்களைக் காணவில்லை. பனிக்குள் பேச்சு மட்டும் தனியாக நடந்துகொண்டிருந்தது. ஐரிஸ் ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினாள். ஏறிய களைப்பு இல்லை அது, பயம். தாய் தன்னை அடையாளம் காணாவிட்டால் என்ன செய்வது என்றாள். அடையாளம் கண்டுகொண்டால் என்ன செய்வது என்றும் கேட்டாள். நான் அவள் முழங்கையைப் பிடித்து அடுத்த படிக்கு ஏற்றினேன்.

லயத்து வரிசையின் கடைசிக் காம்பராவின் வாசலில் அங்கம்மா பழைய சீலைத்துண்டை விரித்து உட்கார்ந்து, சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சின்ன உருவம். எண்பதை நெருங்கும் வயது. எங்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தார்.

"வாங்க, வாங்க. யாருங்க? ஒக்காருங்க. பெஞ்சு ஆடும், பாத்து."

உள்ளே போய் உட்கார்ந்தோம், அவரும் சுளகோடு வந்து உட்கார்ந்தார். நான் என்னைப் பற்றிச் சொன்னேன், குயில்மலை இல்லத்தைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பெயரைக் கேட்டதும் அவருடைய கை சுளகில் நின்றுவிட்டது. ரஜீவ் கொடுத்த மன்னிப்புக் கடிதத்தை வாசித்தேன். நல்ல கடிதம், நேராக எழுதியிருந்தார். நாங்கள் உங்கள் பிள்ளையை எடுத்தோம், உங்கள் சொல்லைக் கேட்கவில்லை, பிழை எங்களுடையது என்று இருந்தது.

அங்கம்மா தலையாட்டினார்.

"அவங்க மேல என்னாங்க தப்பு? அவங்க கேக்கத்தானே செஞ்சாங்க. நாந்தானே இல்லன்னு சொன்னேன். இந்த வாயிதானே சொன்னிச்சு."

ஐம்பது வருடம் இந்தப் பாரத்தை இவர் தனியாகச் சுமந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது.

"இல்லீங்கம்மா," என்றேன். "மூணு புள்ளயப் பறிகுடுத்தவ ஒருத்தி என் புள்ள இல்லன்னு சொன்னா, ஏன்னு கேட்டிருக்கணும். கேக்காதது அவங்க தப்பு. ஒங்க மேல ஒண்ணுமில்ல."

"மூணுன்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தவிட்டுக்குக் குடுத்தீங்கன்னு எழுதியிருக்கு. சும்மாவா குடுப்பாங்க? மூணு புள்ளையாவது போயிருக்கும்னு நானா நெனச்சேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முற்றத்துக் கல்லைப் பற்றிச் சொன்னேன். பிள்ளைக்கு வைத்த பெயர் என்னவென்று கேட்டேன். அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்தார்.

"எழுத வேணாங்க. கல்லுல போட்டா எல்லாருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும்ல? நம்ம மறந்தாலும் அவன் மறக்க மாட்டான்ங்க."

இதை நான் சிங்களத்தில் சொன்னதும் ஐரிஸ் உடனே பதில் சொன்னாள். அந்த இடத்தை வெறுமையாக விடச் சொல்லுங்கள், என் பெயர் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தால் போதும் என்றாள். குரல் கேட்ட பக்கம் அங்கம்மா மெல்லத் திரும்பினார். அதுவரை அவர் ஐரிஸை நேராகப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பார்த்துவிட்டால் கண் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்திருக்கிறார். இப்போது பார்த்தார். நெற்றியைப் பார்த்தார், காதைப் பார்த்தார், மடியில் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்து முடிக்க வெகுநேரம் ஆனது. அடுப்பில் எதுவோ கொதித்து வழிந்தது. யாரும் எழும்பவில்லை.

"இவங்கதாங்கம்மா ஒங்க..." என்று நான் தொடங்கினேன்.

அங்கம்மா சட்டென்று குறுக்கே பேசினார். வாசல் வரை கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

"இது என் புள்ள இல்லீங்க."

அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ஐரிஸின் உடம்பு ஒருதரம் தூக்கிப் போட்டது. அவளிடம் இருந்த ஒரே தமிழ் வசனம் அதுதான். நான்கு வயதில் வேன் கதவு சாத்தும்போது கேட்டது, ஐம்பது வருடத்துக்குப் பிறகு அதே வாயிலிருந்து, அதே குரலில் வந்தது. காரணம் தெரிந்து கேட்பது வேறாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். தெரிந்தாலும் வலிக்கத்தான் செய்தது. என் கண்ணே நிறைந்துவிட்டது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

அங்கம்மா எழும்பினார். சுவரைப் பிடித்துக்கொண்டு போய் வாசற்கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டார். ஜன்னல் பலகையை இழுத்துவிட்டு, இடுக்கில் சீலைத்துண்டை அடைத்தார். பட்டப்பகலில் காம்பரா இருண்டது. அடுப்பின் சிவப்பு மட்டும் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்தப் போனையும் அமத்துங்க. அது கேக்கும்ல?"

அமத்தினேன். அழுவதா சிரிப்பதா என்று தெரியாத நிலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் ஐரிஸின் முன்னால் வந்து, இரண்டு கையாலும் அவள் தலையைத் தன் பக்கம் இழுத்து, காதுக்குள் வாயை வைத்தார். நான் கேட்காததுபோல இருந்தேன். ஆனால் கேட்டேன். முப்பது வருடம் மற்றவர்களின் சொல்லைக் கேட்டுப் பிழைத்த காது, எப்படிச் சும்மா இருக்கும்?

"நீ என் புள்ள. என் வயித்துல பொறந்தவ. நாலாவது. என் தங்கமே, என் புள்ள நீ."

சொல்லி முடித்ததும், வாயிலிருந்து வந்ததை அழிக்கிறவர்போல மூன்று தரம் தூ தூ என்று துப்பினார். ஐரிஸுக்கு அந்தச் சொற்கள் விளங்கினவா என்று எனக்குத் தெரியாது. நான் மாற்றிச் சொல்லப் போகவில்லை. அவள் தாயின் தோளில் முகத்தை வைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தாள். அங்கம்மா அவளுடைய முதுகை மேலும் கீழுமாகத் தடவிக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த இருட்டில் நேரமே நடக்கவில்லை.

கதவைத் தட்டினார்கள். லயத்துப் பெண்கள்தான். பகலில் கதவு சாத்தியிருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அங்கம்மா கொண்டியைத் தூக்கினார். வெளியே பனி விலகி, வெயில் வந்திருந்தது. வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"யாரு அங்கம்மா வந்திருக்கிறது?"

"யாரோ டவுன்ல இருந்து வந்திருக்காங்க. தெரியாதவங்க. சும்மா பாத்துட்டுப் போக," என்றார் அங்கம்மா, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல்.

ஐரிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் வந்து வாசற்படியில் நின்றாள். வெயிலைப் பார்த்தாள், பெண்களைப் பார்த்தாள், அவர்களுக்கு மேலே யாரோ நிற்பதுபோல வானத்தையும் ஒருமுறை பார்த்தாள். தனக்குத் தெரிந்த ஒரே வசனத்தை எடுத்து, அதில் ஒன்றிரண்டு சொல்லைத் தட்டுத்தடுமாறி மாற்றி, லயம் முழுவதும் கேட்கும்படி தமிழில் சொன்னாள்.

"நான் இவங்க புள்ள இல்லீங்க."

சொன்னபோது தாயின் முந்தானைக்கு அடியில் அவருடைய கையை இறுகப் பிடித்திருந்தாள்.